சிறிய ஓவன் கொண்ட குவார்ட்ஸ் அலையியற்றியை வடிவமைக்கும் முறை

அலையியற்றி என்பது நிலையான அதிர்வெண்ணில் மின்னலையைத் தரும் சுற்று; இங்கே அந்த அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண் வெப்பநிலையோடு சேர்ந்து மாறும். அந்த மாற்றத்தை அளந்து திருத்துவது ஒரு வழி. படிகத்தையே சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த, மாறாத ஒரு வெப்பநிலையில் அடைத்து வைத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி பழையது. பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் 1920களின் இறுதியில் உருவாக்கிய குவார்ட்ஸ் கடிகாரங்களிலேயே அது கையாளப்பட்டது. அன்று அலமாரியில் இடம்பிடித்த, 'ஓவன்' எனப்படும் அந்த வெப்ப அறை இன்று விரல்நுனி அளவுள்ள உலோகப் பெட்டிக்குள் வந்துவிட்டது. பெட்டி சுருங்கச் சுருங்க வடிவமைப்பின் கடினம் மின்சுற்றிலிருந்து வெப்பத்தின் பக்கம் நகர்கிறது. ஆகவே சிறிய ஓவன் அலையியற்றியை வடிவமைக்க முனைபவர் முதலில் வரைய வேண்டியது சுற்றுப்படத்தை அல்ல, வெப்பம் எங்கே பிறந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்ற படத்தைத்தான். இக்கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வெளிப்பெட்டி 25.4 × 25.4 × 12.7 மி.மீ.; வெளியீடு 10 மெகாஹெர்ட்ஸ்; மின்வழங்கல் 5 வோல்ட்; சுற்றுப்புறம் −40 முதல் +70 டிகிரி செல்சியஸ் வரை. இந்த 110 டிகிரி வீச்சு முழுவதிலும் அதிர்வெண் நூறு கோடியில் ஒரு பங்குக்குமேல் மாறக்கூடாது என்பது நம் இலக்கு. இனி அதிர்வெண் மாற்றங்கள் அனைத்தையும் 'நூறு கோடியில் இத்தனை பங்கு' என்ற ஒரே அலகில் சொன்னால் ஒப்பிடுவது எளிது.

படிகத்தைத் தேர்ந்தெடுத்தல்

படிகத்திலிருந்து தகட்டை எந்தக் கோணத்தில் அறுக்கிறோம் என்பதே 'வெட்டு'. நடைமுறையில் தேர்வு இரண்டு வெட்டுகளுக்கு இடையில்தான். 1934 முதல் வழக்கிலுள்ள ஏ.டி. வெட்டு, படிகத்தின் ஒரே அச்சைச் சுற்றிச் சுமார் 35.25 டிகிரி சாய்த்து அறுக்கப்படுவது. எஸ்.சி. வெட்டு இரு அச்சுகளைச் சுற்றி, ஏறத்தாழ 34 டிகிரியும் 22 டிகிரியும் சாய்த்து அறுக்கப்படுவது. மின்முனையின் இறுக்கம் அதிர்வெண்ணைப் பாதிக்காத ஒரு திசை படிகத்தில் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் ஈர்நிஸ் 1975இல் கணக்கிட்டுக் காட்டியதைத் தொடர்ந்து எஸ்.சி. வெட்டு நடைமுறைக்கு வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தின் 10811 அலையியற்றி, மூன்றாம் மேற்சுரத்தில் (அடிப்படை அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கில்) இயங்கும் 10 மெகாஹெர்ட்ஸ் எஸ்.சி. படிகத்தைக் கொண்டு வெளிவந்தபின் அதுவே துல்லிய வேலைகளுக்கான வழக்கமாயிற்று.

இரண்டு வெட்டுகளின் அதிர்வெண்–வெப்பநிலை வரைபடமும் முப்படி வளைவுதான். வேறுபாடு வளைவு மாற்றப் புள்ளி, அதாவது கோடு வளையும் திசை மாறும் புள்ளி, அமையும் இடத்தில் இருக்கிறது. ஏ.டி. வெட்டுக்கு அது அறை வெப்பநிலைக்கு அருகில், 27 டிகிரி அளவில் இருக்கிறது, எஸ்.சி. வெட்டுக்கு 95 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. நாம் படிகத்தை இயக்குவது வளைவின் சாய்வு சுழியாகும் திரும்புமுனையில். திரும்புமுனை வளைவு மாற்றப் புள்ளிக்கு எவ்வளவு அருகில் அமைகிறதோ அவ்வளவுக்கு அதன் உச்சி தட்டையாக இருக்கும். 85 டிகிரியில் இயங்கும் ஏ.டி. படிகத்தின் திரும்புமுனை வளைவு மாற்றப் புள்ளியிலிருந்து 58 டிகிரி தள்ளி நிற்கிறது. அங்கே ஒரு டிகிரி விலகினால் அதிர்வெண் சுமார் 17 பங்கு மாறும். அதே 85 டிகிரியில் எஸ்.சி. படிகம் பத்து டிகிரி மட்டுமே தள்ளி நிற்பதால் ஒரு டிகிரி விலகலுக்கு மாற்றம் 1.8 பங்குக்கு மேல் போவதில்லை. பத்து மடங்கு வேறுபாடு! சிறிய ஓவனில் வெப்பநிலையை நாம் நினைத்த அளவுக்குக் கட்டுப்படுத்த முடியாது என்பதால், இந்தப் பத்து மடங்கை விலைகொடுத்தாவது வாங்கிக்கொள்வதே என் பரிந்துரை. இலக்கு நூறு கோடியில் 10 பங்கு என்று தளர்வாக இருந்தால் ஏ.டி. படிகமே போதும், அது மலிவு, சுற்றும் எளிது.

எஸ்.சி. படிகத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஓவன் சூடாகும்போது படிகத் தகட்டின் நடுவிலும் விளிம்பிலும் வெவ்வேறு வெப்பநிலை நிலவும். அதனால் எழும் இறுக்கம் ஏ.டி. படிகத்தின் அதிர்வெண்ணைத் தற்காலிகமாக வெகுதூரம் தள்ளிவிடும், எஸ்.சி. படிகம் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. விரைவில் சூடாகி உடனே நிலைபெற வேண்டிய சிறிய ஓவனுக்கு இது முக்கியம்.

இயக்க வெப்பநிலையைத் தீர்மானிக்கும்போது சுற்றுப்புறத்தின் உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. ஓவனுக்குள் இருக்கும் மின்சுற்று 5 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் எடுத்தால் அதுவே 50 மில்லிவாட் வெப்பம். ஹீட்டர் முழுவதும் அணைந்திருந்தாலும் இந்த வெப்பம் உள்ளறையைச் சுற்றுப்புறத்தைவிட மூன்று நான்கு டிகிரி உயர்த்தி வைக்கும். ஹீட்டர் எப்போதும் கொஞ்சமாவது எரிந்துகொண்டிருந்தால்தான் கட்டுப்பாடு கையில் இருக்கும். +70 டிகிரிக்கு 85 டிகிரி ஓவன் பாதுகாப்பானது. +85 டிகிரி வரை வேலை செய்ய வேண்டும் என்று கேட்பவருக்கு 95 டிகிரியை நெருங்கிய ஓவன் தேவைப்படும். அதற்கேற்ற திரும்புமுனையைப் படிகம் செய்பவரிடம் முன்பே சொல்லி வாங்க வேண்டும்.

வெப்பக் கணக்கு

உள்ளறையை 18 × 16 × 8 மி.மீ. என்று கொள்வோம். அடித்தளம் 1 மி.மீ. தடிமனுள்ள செப்புத் தகடு, அதன்மேல் எச்.சி.-43 என்ற வகை உலோக உறையிலுள்ள படிகம் படுத்திருக்கும். அடிப்பக்கத்திலும் ஓரங்களிலும் மின்சுற்று. இந்த உள்ளறையின் புறப்பரப்பு 1120 சதுர மி.மீ. மேலும் கீழும் 2 மி.மீ., பக்கங்களில் 4 மி.மீ. அளவில் காற்று இடைவெளி கிடைக்கும். இவ்வளவு குறுகிய இடைவெளியில் காற்று சுழன்று ஓட முடியாது என்பதால் கடத்தலை மட்டும் கணக்கிட்டால் போதும். காற்றின் வெப்பக் கடத்துமை மீட்டருக்கு, டிகிரிக்கு 0.028 வாட் என்று வைத்துக்கொண்டால், டிகிரிக்கு 12 மில்லிவாட் காற்றின் வழியாகப் போகிறது. கதிர்வீச்சு கறுத்த பரப்பில் இதற்கு ஓரளவு ஈடாகிவிடும். உள்ளறையின் வெளிப்புறத்தையும் பெட்டியின் உட்புறத்தையும் பளபளப்பான உலோகமாக விட்டால் அது ஒன்றரை மில்லிவாட்டுக்குள் அடங்கும். கறுப்பு வண்ணமோ எபாக்சிப் பூச்சோ இங்கே வேண்டாம்.

அடுத்து வருவது பலரும் கணக்கில் எடுக்க மறக்கும் பாதை, இணைப்புக் கம்பிகள். 0.3 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. நீளமும் உள்ள ஒரு செப்புக் கம்பி டிகிரிக்கு 5.5 மில்லிவாட் கடத்தும். ஐந்து கம்பிகள் என்றால் 27 மில்லிவாட். அதாவது காற்று, கதிர்வீச்சு இரண்டும் சேர்ந்து கொண்டுபோவதைவிட இரு மடங்கு. அதே அளவுள்ள கோவார் (இரும்பு–நிக்கல்–கோபால்ட் கலவை) கம்பி 0.24 மில்லிவாட் மட்டுமே கடத்தும். ஐந்துக்கும் சேர்த்து 1.2 மில்லிவாட். பெட்டி சிறிதாகும்போது கம்பிகளின் நீளமும் குறைந்துவிடுவதால் பொருளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உள்ளறையைச் சாதாரணக் கண்ணாடியிழைப் பலகையின்மேல் நேரடியாக ஒட்டி வைப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம். பலகையின் பிசின் வெப்பத்தை அதிகம் கடத்தாவிட்டாலும் அதன்மீதுள்ள செப்புப் படலம் நன்றாகவே கடத்தும்.

ஆக, மொத்தக் கசிவு டிகிரிக்கு 15 மில்லிவாட். 25 டிகிரி சுற்றுப்புறத்தில் ஓவனைத் தாங்க 0.9 வாட் தேவை. −40 டிகிரியில் 1.9 வாட், +70 டிகிரியில் 0.23 வாட், அதில் 50 மில்லிவாட்டை மின்சுற்றே தந்துவிடும். உள்ளறையின் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு 2 ஜூல் அளவில் இருக்கும். ஹீட்டரின் உச்சத் திறனை 3 வாட்டில் கட்டுப்படுத்தினால், 25 டிகிரியிலிருந்து 85 டிகிரியை எட்ட முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், −40 டிகிரியிலிருந்து இரண்டு நிமிடமும் ஆகும். அதன் பிறகும் அதிர்வெண் உடனே நிலைபெறாது. படிகத் தகடு வெற்றிட உறைக்குள் மெல்லிய தாங்கிகளின்மேல் நிற்கிறது. செப்புத் தகட்டின் வெப்பம் அதனிடம் போய்ச்சேர மேலும் சில நிமிடங்கள் பிடிக்கும்.

உள்ளறையைக் காற்றுக்குப் பதிலாக வெற்றிடத்தில் நிறுத்தினால் கசிவு பெருமளவு குறையும். ஒட்டுமொத்தத் திறன் தேவை அரைவாட்டுக்கும் கீழே இறங்கும். ஆனால் பற்றவைப்புப் பிசின்களும் பலகைகளும் ஆண்டுக்கணக்கில் வாயுவைக் கசியவிட்டு அந்த வெற்றிடத்தைக் கெடுக்கும். முழுவதும் பீங்கான், உலோகம், கண்ணாடி ஆகியவற்றால் கட்டும் வசதி இல்லாதவர்கள் உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி, பெட்டியின் மூடியை ஈரம் புகாதபடி பற்றவைத்து மூடுவதே நல்லது.

உள்ளறைக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது

இதுவே சிறிய ஓவனின் உயிர்நிலை. கட்டுப்பாட்டுச் சுற்று மாறாமல் வைத்திருப்பது தெர்மிஸ்டர் (வெப்பநிலையை உணரும் மின்தடை) இருக்கும் இடத்தின் வெப்பநிலையை. நமக்குத் தேவை படிகத் தகட்டின் வெப்பநிலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மாறாமல் இருந்தால் கவலையில்லை. சுற்றுப்புறம் மாறும்போது ஹீட்டரின் திறன் மாறுகிறது. தகட்டின் வழியே ஓடும் வெப்பத்தின் அளவு மாறுகிறது. அதனால் அந்த வேறுபாடும் மாறுகிறது.

எவ்வளவு மாறும் என்று பார்ப்போம். நம் செப்புத் தகட்டில் 16 மி.மீ. அகலத்தின் குறுக்கே, 10 மி.மீ. தூரத்துக்கு வெப்பம் ஓடினால் வாட்டுக்கு 1.6 டிகிரி வீழ்ச்சி ஏற்படும். ஹீட்டரை ஒரு முனையில் மட்டும் வைத்து, மொத்த வெப்பத்தில் பாதி இந்த வழியாகப் போகிறது என்று கொண்டால், −40 டிகிரிக்கும் +70 டிகிரிக்கும் இடையில் தகட்டின் இரு முனைகளுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.3 டிகிரி மாறிவிடும். தெர்மிஸ்டரை மில்லிடிகிரிக் கணக்கில் கட்டி வைத்துவிட்டு, படிகத்தை ஒரு டிகிரிக்கு மேல் அலையவிடும் ஓவனால் என்ன பயன்? செப்புத் தகடே இல்லாமல் 35 மைக்ரான் செப்புப் படலமுள்ள பலகையை மட்டும் நம்பினால் இந்த எண் வாட்டுக்கு 45 டிகிரியைத் தாண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று தகட்டை நீக்கும் வடிவமைப்புகள் தோற்பது இதனால்தான்.

இதற்கு மருந்து சமச்சீர். ஹீட்டராக ஒரே டிரான்சிஸ்டரை வைக்காமல், இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தகட்டின் இரு முனைகளிலும் வைத்து, திறனை இரண்டுக்கும் பங்கிட வேண்டும். படிகம் நடுவில் இருக்க வேண்டும். அப்போது வெப்பம் இரு புறமிருந்தும் வந்து பரவுவதால் நடுப்பகுதியில் வெப்பநிலை தட்டையாகிறது. இரண்டு ஹீட்டர்களின் திறன் விகிதத்தை ஒவ்வோர் அலகுக்கும் தனியாகச் சரிசெய்தால் தெர்மிஸ்டருக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுற்றுப்புறத்தால் மாறாத ஒரு நிலையை எட்ட முடியும். 1990களில் ஹியூலெட்-பக்கார்ட் வெளியிட்ட ஈ1938ஏ அலையியற்றி இந்தக் கருத்தை எல்லைவரை கொண்டுசென்றது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சுற்றுப்புறத்தின் 110 டிகிரி மாற்றம் படிகத்தில் 0.11 டிகிரியாகக் குறைந்தால், அதாவது வெப்பநிலை அடக்கம் ஆயிரம் மடங்கு இருந்தால் போதும்.

ஏன் போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓவனின் வெப்பநிலையைத் திரும்புமுனையிலிருந்து அரை டிகிரி பிழைக்குள் அமைத்திருக்கிறோம் என்று கொள்வோம். அந்த இடத்தில் எஸ்.சி. படிகத்தின் சாய்வு டிகிரிக்கு 1.8 பங்கு. 0.11 டிகிரிக்கு அது நூறு கோடியில் 0.2 பங்குதான். ஏ.டி. படிகமாக இருந்தால் இதே ஓவனில் 1.9 பங்கு வந்து இலக்கைத் தாண்டியிருக்கும்.

தெர்மிஸ்டரை எங்கே வைப்பது என்பதில் இரு தேவைகள் மோதுகின்றன. ஹீட்டருக்கு அருகில் வைத்தால் கட்டுப்பாட்டு வளையம் அதிர்வில்லாமல் அமைதியாக இயங்கும். படிகத்துக்கு அருகில் வைத்தால் அளவு உண்மையாக இருக்கும். சிறிய ஓவனில் தூரங்கள் குறைவு, தாமதமும் ஒரு வினாடி அளவில்தான் என்பதால் படிகத்தின் பக்கம் சாய்வதே சரி. குறிப்பாகப் படிகத்தின் கால்களுக்கு அருகில் வைக்க வேண்டும். உறைக்குள் வெற்றிடம் இருப்பதால் படிகத் தகட்டுக்கு வெப்பம் போகும் முதன்மை வழி அந்தக் கால்கள்தான். உறையின் முதுகு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். கால்களைச் செப்புத் தகட்டோடு வெப்பத்தால் இணைத்து, மின்சாரத்தால் பிரித்து வைக்க வேண்டும். இதற்கு மெல்லிய அலுமினாத் துண்டும் வெப்பம் கடத்தும் எபாக்சியும் உதவும். தெர்மிஸ்டரின் சொந்தக் கம்பிகளும் தகட்டை ஒட்டியே சிறிது தூரம் ஓடிய பிறகுதான் சுற்றுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அக்கம்பிகளே அதன் வெப்பத்தைத் திருடி, பொய்யான அளவைக் காட்டும்.

கட்டுப்பாட்டுச் சுற்று

இங்கே புதுமைக்கு இடம் குறைவு. தெர்மிஸ்டர் அடங்கிய பாலச் சுற்று, ஒரு செயற்பாட்டுப் பெருக்கி, ஹீட்டர் டிரான்சிஸ்டர்கள் இவைதான் பாகங்கள். 25 டிகிரியில் 100 கிலோஓம் உள்ள, கண்ணாடியில் பொதிந்த தெர்மிஸ்டர் 85 டிகிரியில் 11 கிலோஓம் அளவுக்கு இறங்கும்; அதன் மின்தடை டிகிரிக்கு 3 விழுக்காடு மாறும். பாலத்துக்கு 3 வோல்ட் கொடுத்தால் டிகிரிக்கு 23 மில்லிவோல்ட் கிடைக்கும். ஒரு மில்லிடிகிரிக்கு 23 மைக்ரோவோல்ட். இது எந்த நல்ல பெருக்கிக்கும் எளிதில் எட்டும் அளவு. பாலத்தின் மற்ற மின்தடைகளும் பெருக்கியும் ஓவனுக்குள்ளேயே இருக்க வேண்டும். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு மாறும் மின்தடையை வெளியே வைத்தால், 110 டிகிரி வீச்சில் அது மட்டுமே ஓவனின் வெப்பநிலையை 0.09 டிகிரி நகர்த்திவிடும். உள்ளே வைத்தால் அந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது.

பிழையின் அளவுக்கேற்ப ஹீட்டரை இயக்கும் விகிதக் கட்டுப்பாடு மட்டும் போதாது. ஒரு வினாடித் தாமதமும் 2 ஜூல் கொள்ளளவும் உள்ள ஓவனில், வளையம் அலைபாயாமல் இருக்க ஈட்டத்தை, அதாவது பிழைக்கு ஏற்ப ஹீட்டரின் திறன் மாறும் அளவை, டிகிரிக்கு 1.5 வாட் அளவில் நிறுத்த வேண்டும். அந்த ஈட்டத்தில் சுற்றுப்புறத்தின் 110 டிகிரி மாற்றம் தெர்மிஸ்டரிலேயே ஒரு டிகிரிக்கு மேல் பிழையாக எஞ்சும். எனவே எஞ்சும் பிழையைக் கூட்டிக்கொண்டே போய்த் திருத்தும் தொகைக் கட்டுப்பாட்டையும் சேர்த்தாக வேண்டும்; பெருக்கியின் பின்னூட்டத்தில் மின்தடையோடு ஒரு மின்தேக்கியைத் தொடராக வைத்தால் அது கிடைத்துவிடும். சூடேறும்போது அந்த மின்தேக்கி எல்லைவரை ஏறி நின்று, பிறகு ஓவனை அளவுக்கு மீறிச் சூடாக்காதபடி டையோடு ஒன்றால் அதைக் கட்டி வைப்பதும் அவசியம்.

ஹீட்டர் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துப் பாலத்தின் இலக்கு வெப்பநிலையை மெல்ல உயர்த்துவது ஒரு பழைய உத்தி. குளிர் கூடக்கூட ஹீட்டர் அதிகம் எரியும். அப்போது இலக்கும் ஒரு துளி உயரும். தெர்மிஸ்டருக்கும் படிகத்துக்கும் இடையிலான இழப்பு ஈடாகும். நன்றாக வேலை செய்யும் உத்திதான். ஆனால் இது நேர்ப் பின்னூட்டம் என்பதை மறக்கக்கூடாது. தவிர, பெட்டியின்மேல் ஒரு பக்கமிருந்து விசிறிக் காற்று வீசினால் வெப்பம் ஓடும் திசையே மாறி, ஈடு தவறாகிவிடும். மீதமிருக்கும் சிறு பிழையைத் துடைக்க இதைப் பயன்படுத்தலாம். சமச்சீரற்ற ஓவனைக் காப்பாற்றப் பயன்படுத்தக்கூடாது.

அலையியற்றிச் சுற்று

இரு மின்தேக்கிகள் வழியாகப் பின்னூட்டம் தரும் கோல்பிட்ஸ் வகைச் சுற்று போதும். எஸ்.சி. படிகத்தில் கவனிக்க வேண்டியது, நமக்குத் தேவையான சி-முறை அதிர்வுக்குச் சுமார் 9 விழுக்காடு மேலே, 10.9 மெகாஹெர்ட்ஸில் பி-முறை என்ற இன்னோர் அதிர்வு காத்திருக்கிறது. அது டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு வீதம் மாறுவதால் வெப்பமானியாகப் பயன்படுமே தவிர அதிர்வெண் மூலமாகப் பயன்படாது. அடிப்படை அதிர்வான 3.3 மெகாஹெர்ட்ஸும் உண்டு. இவ்விரண்டிலும் சுற்று அலைவைத் தொடங்காதபடி, 10 மெகாஹெர்ட்ஸில் மட்டும் சரியான கட்டம் தரும் மின்தூண்டி–மின்தேக்கி அமைப்பைச் சேர்க்க வேண்டும். சிறிய மின்தூண்டிகளின் தரம் குறைவு என்பதால், இந்த அமைப்பை எல்லா வெப்பநிலையிலும், குறிப்பாக −40 டிகிரியில் குளிர்ந்த நிலையில் தொடங்கும்போதும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நம் படிகத்தின் இயக்க மின்தேக்குத்திறன் 0.2 ஃபெம்டோஃபாரட் அளவிலும், தரக்காரணி பத்து லட்சம் அளவிலும், தொடர் மின்தடை 80 ஓம் அளவிலும் இருக்கும். 20 பிக்கோஃபாரட் சுமை மின்தேக்குத்திறனில் 0.01 பிக்கோஃபாரட் மாறினாலே அதிர்வெண் நூறு கோடியில் 1.9 பங்கு நகர்ந்துவிடும். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்கு மாறும் நல்ல பீங்கான் மின்தேக்கியைக்கூட ஓவனுக்கு வெளியே வைத்தால் 110 டிகிரி வீச்சில் 12 பங்கு பிழை வரும். உள்ளே வைத்தால் 0.01 பங்குதான். ஆகவே சுமை மின்தேக்கிகள், வரேக்டர் டையோடு (மின்னழுத்தத்துக்கேற்ப மின்தேக்குத்திறன் மாறி அதிர்வெண்ணைத் திருத்த உதவும் டையோடு), அதற்கு மின்னழுத்தம் தரும் சீராக்கி எல்லாமே செப்புத் தகட்டின்மேல்தான். படிகத்தின் வழியே ஓடும் மின்னோட்டத்தை ஒரு மில்லிஆம்பியருக்குள் நிறுத்துவது நல்லது. கூட்டினால் இரைச்சல் தளம் இறங்கும், மூப்பு (காலப்போக்கில் அதிர்வெண் மெல்ல நகர்வது) விரையும்.

இப்போது கோவார் கம்பிகளின் மறுபக்கம். வெப்பத்தைத் தடுக்கும் பொருள் மின்சாரத்தையும் தடுக்கும். நாம் தேர்ந்த 5 மி.மீ. கோவார் கம்பியின் மின்தடை 35 மில்லிஓம். −40 டிகிரியில் ஹீட்டர் 0.37 ஆம்பியரும் +70 டிகிரியில் 0.035 ஆம்பியரும் எடுக்கும். அந்த மின்னோட்டமும் அலையியற்றியின் தரை இணைப்பும் ஒரே கம்பியில் போனால், தரையின் மின்னழுத்தம் 12 மில்லிவோல்ட் நகரும். வெளியிலிருந்து வரும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் வோல்ட்டுக்கு 160 பங்கு என்ற வீதத்தில் அதிர்வெண்ணை மாற்றுவதாக இருந்தால், இந்த 12 மில்லிவோல்ட் 1.9 பங்கு பிழையைத் தரும். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய ஓவனின் மிச்சப் பிழையைப்போல் இது ஒன்பது மடங்கு. ஹீட்டரின் திரும்பு மின்னோட்டத்துக்குத் தனிக் கம்பி ஒன்றை உள்ளறையிலிருந்து தரைக் கால்வரை கொண்டுபோய், அங்கேதான் மற்றத் தரைகளோடு சேர்க்க வேண்டும். வெளியில் ஐந்து கால்களே இருந்தாலும் உள்ளே ஆறாவது கம்பி இருக்கலாம். அது சேர்க்கும் 0.24 மில்லிவாட் கசிவு ஒரு பொருட்டல்ல.

அமைத்தலும் அளத்தலும்

படிகத்தை அறுக்கும் கோணத்தில் நேரும் சிறு வேறுபாடுகளால் திரும்புமுனை ஒவ்வொரு படிகத்திலும் சில டிகிரி மாறும். ஆகவே ஒவ்வோர் அலகின் ஓவன் வெப்பநிலையையும் தனித்தனியாக அமைக்க வேண்டும். திரும்புமுனையை உச்சியில் தேடக்கூடாது. அங்கே வளைவு தட்டையாக இருப்பதால் இரைச்சலில் அது மறைந்துவிடும். எதிர்பார்க்கும் இடத்துக்கு இருபுறமும் மூன்று நான்கு டிகிரி தள்ளிச் சில புள்ளிகளில் பாலத்தின் மின்தடையை மாற்றி அளந்து, அவற்றின் வழியே ஒரு பரவளையத்தைப் பொருத்தி, அதன் உச்சியைக் கணக்கிட வேண்டும். மூன்று டிகிரி தள்ளினால் மாற்றம் 16 பங்கு இருக்கும் என்பதால் அளவு தெளிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் கால் மணி நேரம் பொறுத்திருப்பதும், முதற்புள்ளியை இறுதியில் மறுபடி அளந்து இடையில் நேர்ந்த மூப்பைக் கழிப்பதும் முறை. ஒப்பீட்டுக்கு ருபீடிய அலையியற்றியோ செயற்கைக்கோள் நேரத்தால் நெறிப்படுத்தப்பட்ட மூலமோ வேண்டும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அமைத்த வெப்பநிலை மூடியபின் பொருந்தாது. ஆகவே மின்தடையை மாற்றும் கம்பிகளை மூடியின் சிறு துளை வழியாக வெளியே எடுத்துவைத்து, பெட்டி மூடிய நிலையிலேயே இதைச் செய்ய வேண்டும்.

அலகு முழுவதையும் சோதனைக்கான வெப்ப அறையில் வைத்து அளக்கும்போது அறையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் மாற்றாமல், −40, 25, +70 ஆகிய இடங்களில் அரை மணி நேரம் நிறுத்தி அளக்கலாம். அறையின் விசிறிக் காற்று அலகின்மேல் நேராகப் படாதபடி ஓர் அட்டைப் பெட்டியால் மூடி ஒரு முறையும், மூடாமல் ஒரு முறையும் அளப்பது நல்லது. இரண்டுக்கும் வேறுபாடு தென்பட்டால் உள்ளறையின் சமச்சீர் குலைந்திருக்கிறது என்று கொண்டு, ஹீட்டர்களின் பங்கீட்டை மறுபடி பார்க்க வேண்டும். அலகைத் தலைகீழாகத் திருப்பி அளப்பதும் இதே சோதனையின் பகுதிதான். திருப்பியவுடன் காணும் தாவல் புவியீர்ப்பால் படிகத்தில் எழும் மாற்றம், எஸ்.சி. படிகத்தில் அது ஒன்றிரண்டு பங்கு இருக்கும். அதன்பின் சில நிமிடங்களில் மெல்ல நகர்வது உள்ளிருக்கும் வெப்பப் பரவலின் மாற்றம். இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக எழுதிவிடுவது தரவுத்தாள்களில்கூடக் காணப்படும் குழப்பம்.

இந்த இலக்கு எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதையும் எடைபோட வேண்டும். கைப்பேசிக் கோபுரங்களில் நேரப் பகிர்வு முறைக்கு ஒன்றரை மைக்ரோவினாடிக்குள் ஒத்திசைவு தேவை. செயற்கைக்கோள் குறிப்பு துண்டிக்கப்பட்டு, அதிர்வெண் நூறு கோடியில் ஒரு பங்கு விலகி அப்படியே நின்றால் அந்த ஒன்றரை மைக்ரோவினாடி 25 நிமிடத்தில் கரைந்துவிடும், 0.2 பங்கு விலகினால் இரண்டு மணி நேரம் தாங்கும். ஒரு முழு நாள் தாங்க வேண்டுமென்றால் விலகல் 0.017 பங்குக்குள் இருக்க வேண்டும். அதற்கு இந்த அளவுள்ள ஒற்றை ஓவன் போதாது. மூப்பையும் வெப்பநிலைச் சாய்வையும் கற்றுக்கொண்டு திருத்தும் மென்பொருளோ, ஓவனுக்குள் ஓவனாக அமைத்த பெரிய பெட்டியோ தேவைப்படும்.

மூடிப் பற்றவைத்த அலகுகளை வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் சில வாரங்களாவது தொடர்ந்து சூடாக ஓடவிட வேண்டும். மின்முனைகளின் இறுக்கம் தளர்வதாலும் உறைக்குள்ளிருக்கும் நுண்ணிய மாசு படிகத்தின்மேல் படிவதாலும் நேரும் மூப்பு தொடக்க நாள்களில் வேகமாகவும் பின்னர் மடக்கை வீதத்தில் மெதுவாகவும் நடக்கும். இறுதியாக ஒரு நாள் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அதிர்வெண்ணை முந்தைய நாளின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இந்த மீள்வுச் சோதனையில் பல பங்குகள் தள்ளி நிற்கும் அலகு பெரும்பாலும் படிகத்தின் தாங்கிகளில் இறுக்கம் உள்ள அலகாக இருக்கும். ஓவனை எவ்வளவு திருத்தினாலும் அது சீராகாது. படிகத்தை மாற்ற வேண்டியதுதான்.